மறுமொழி: ஊர்க் காணிக்குச் சோலைவரிப் பெயர்மாற்றம், சபை திருப்பி அனுப்புகிறது

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, அப்பா நன்கொடை உறுதியாக (தானப் பத்திரமாக) எழுதித் தந்த ஊர்க் காணியின் சோலைவரியை, அதாவது சபை அறவிடும் ஆதன வரியை, உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டீர்கள். "விபரம் பொருந்தவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. முதலில் ஒன்று: கிராம சேவகர் பிரதேச செயலகத்தின் ஆள். சோலைவரிப் பெயர்மாற்றம் பிரதேச சபையின் வேலை. பக்கத்துப் பக்கத்துக் கட்டடமென்றாலும் கோப்பு அங்கிருந்து இங்கே தானாக நடந்து வராது.

பொருந்தாதது பெரும்பாலும் வரியிலக்கம்தான், அதாவது சோலைவரிக்காகக் காணிக்குச் சபை கொடுத்த இலக்கம். உறுதியில் காணியை விபரிக்கும் அட்டவணையில் பழைய இலக்கம் இருக்கும், சபைப் பதிவேட்டில் புதியது இருக்கும். கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தையே விண்ணப்பத்தில் எழுதி, பழையதை அருகில் குறியுங்கோ. உறுதியின் அத்தாட்சிப் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதி வையுங்கோ. நிலுவை இருந்தால் முதலில் கட்டுங்கோ. அது தீரும்வரை பெயர் மாறாது. ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் 10 வீதம் கழிவு.

உங்களுக்குக் கிடைத்தது பெரிய காணியின் ஒரு துண்டு என்றால் கதை வேறு. காணியைப் பிரித்துக் காட்டும் நில அளவைப் படத்துக்குச் சபையின் அங்கீகாரம் இல்லாமல் தனி இலக்கம் கேட்டு அலைவது வீண்.

எல்லாம் பதிவுத் தபாலில், பிரதியொன்று கையில். மௌனம் நீண்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, சபையின் தகவல் அலுவலரிடம் கோப்பின் நிலையைக் கேளுங்கோ. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.