டாக்டர் சீட் இல்லாவிட்டாலும் மூளைப்புற்று ஆய்வுக்குப் போகலாம்

அண்ணாச்சி, மகளுக்கு டாக்டர் சீட் கிடைக்காது போலிருக்கிறது, மூளைப்புற்றை ஆராய வேண்டும் என்ற அவள் ஆசை என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தக் கவலைக்குப் பதில். மூளைக்கட்டியின் செல்கள் சுரக்கும் சைட்டோகைன்களைப் பற்றி ஆராய எம்.பி.பி.எஸ். வேண்டியதில்லை. நீட்டில் மதிப்பெண் குறைந்ததால் உங்கள் மகளின் ஆசை முடிந்துவிடவில்லை.

அவள் சொல்வது புரியவில்லை என்றீர்கள். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் சிறு புரதங்கள்தான் சைட்டோகைன்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப்புற்று இவற்றைத் தன் பாதுகாப்புக்குப் பயன்படுத்துகிறது. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனைச் சுரந்து, தாக்க வரும் டி செல்களை, அதாவது உடலைக் காக்கும் ஒருவகை வெள்ளணுக்களை அடக்கும். இன்டர்லூக்கின்-8 என்ற இன்னொரு சைட்டோகைன் மூலம் புது ரத்தக் குழாய்களை வளரச் செய்யும். சிசிஎல்2 என்ற மற்றொன்றின் மூலம் ரத்தத்திலிருந்து வேறு வகை வெள்ளணுக்களை வரவழைத்து, தன் வளர்ச்சிக்கே துணைபோக வைக்கும். வேறு பல புற்றுகளில் பலன் தந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை இங்கே தடுமாற இதுவும் ஒரு காரணம். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இந்தக் கேள்வியைப் பிடித்திருக்கிறாளே, எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சரி, படிப்புக்கு வருவோம். பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக லட்சக்கணக்கில் நன்கொடை கட்ட வேண்டாம். பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. விலங்கியலோ வேதியியலோ நன்றாகப் படிக்கட்டும். எம்.எஸ்சி.க்குத்தான் நல்ல ஆய்வகம் உள்ள இடம் தேட வேண்டும். அதற்கு காட்-பி, ஜாம் போன்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. அதன் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை (2023 முதல் இந்தத் தொகை), வீட்டு வாடகைப்படி தனி.

ஆனால் பாதை நீளம். மூன்று, இரண்டு, அப்புறம் குறைந்தது ஐந்து என்று பத்து வருடம் ஆகும். முதல் ஐந்து வருடச் செலவு உங்கள் கையில். கல்யாணப் பேச்சும் நடுவில் வரும்; அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். வெளியூர் போகாமலும் முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி, மூளை அறுவை நடக்கும் இடத்திலேயே ஆய்வகமும் இருந்தால் கட்டித் திசு கிடைப்பது எளிது. நெல்லைக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம் இருக்கிறது.

செல்களை வளர்ப்பது, எலைசா என்ற சோதனை செய்து புரதத்தை அளப்பது, சரிவராவிட்டால் மறுபடி செய்வது என்று அன்றாட வேலை பொறுமையைக் கேட்கும். அது பிடிக்கிறதா என்று பார்க்க, பட்டப்படிப்பின்போதே இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் எம்.எஸ்சி.யோடு மருந்து நிறுவனம், பரிசோதனைக்கூடம் என்று வேலைக்குப் போகலாம்.

இன்னொரு தடவை நீட் எழுத அவளே விரும்பினால் தடுக்க வேண்டாம். கூடவே ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கும் படிக்கட்டும். மொத்தம் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. கணிதப் புத்தகத்தை மட்டும் இப்போதே எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.