அம்மாவிடம் கத்திவிட்டேன் என்று எழுதியிருந்தவருக்கு

5 மாதமாக அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வலிக்கு மார்ஃபின் கொடுக்க நடுராத்திரியும் எழுந்திருக்கிறீர்கள், நேற்று அவரிடம் கத்திவிட்டு இன்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, முதலில் தூக்கத்தைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

12 மணி நேரம் வேலை செய்கிற மார்ஃபின் மாத்திரை உண்டு. அது கிடைக்காவிட்டால், படுக்கும்போது கொடுக்கும் அளவைக் கூட்டி நடுராத்திரி வேளையைத் தவிர்க்கும் முறையும் இருக்கிறது. நீங்களாக எதையும் மாற்றாதீர்கள், பாலியேட்டிவ் குழுவிடம் (கடும் நோயில் இருப்பவரின் வலியையும் வேதனையையும் தணிக்கப் பார்க்கும் மருத்துவக் குழு) "நான் தூங்கி வாரக்கணக்காகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் வலி, வாந்தி, மலச்சிக்கல் என்று நோயாளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுவோம் (அப்பா விஷயத்தில் நானும் அதையேதான் செய்தேன், யாரும் கேட்கவுமில்லை). ஆனால் பாலியேட்டிவ் பராமரிப்பு என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் 2002இல் தந்த வரையறையிலேயே நோயாளியோடு குடும்பத்தின் வாழ்க்கைத் தரமும் சேர்ந்துதான் வருகிறது, உங்கள் தூக்கமும் அந்தக் குழு கவனிக்க வேண்டியதுதான்.

"சீக்கிரம் முடிந்தால் தேவலை" என்று தோன்றியதை எழுதிவிட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். பாசம் குறைந்ததால் வருவதில்லை அது. அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றுவதுதான். நீங்கள் இப்போதே துக்கத்தில்தான் இருக்கிறீர்கள்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு" என்கிற அண்ணனிடம், சனிக்கிழமை ராத்திரி முழுக்க நீ பார்த்துக்கொள் என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள், மருந்து அட்டவணையை எழுதிக் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படுங்கள். உங்களுக்கே வாழப் பிடிக்காத எண்ணம் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.