தையல் ஆறும்வரை முக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 54 வயது. கருப்பை இறங்கியிருந்ததால் அதை யோனி வழியாக அகற்றி, யோனியின் பின்சுவரையும் தைத்தார்கள். வீடு திரும்பி எட்டு நாட்கள் ஆகின்றன. ஐந்து நாட்களாக மலம் கழியவில்லை. முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். டாக்டர் எழுதிய லாக்டுலோஸ் சிரப்பைக் குடித்தால் அதுவே பழக்கமாகிவிடும் என்று நினைத்து, இசப்கோல் மட்டும் சாப்பிடுகிறேன். வலிக்கு டிரமடால் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. மூச்சை அடக்கி முக்கும்போது வயிற்றின் அழுத்தம் முழுவதும் இடுப்புக்குழியில் தைத்த இடத்தின்மீது இறங்குகிறது. அதனால்தான் அந்த சிரப்பை உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அதைத் தவிர்த்ததில்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

மயக்க மருந்து, குறைந்த உணவு, படுக்கை ஆகிய மூன்றுமே குடலை மந்தமாக்கும். அவற்றோடு டிரமடாலும் சேரும்போது குடலின் அசைவு மேலும் குறைந்து, மலத்திலிருந்து நீர் அதிகமாக உறிஞ்சப்பட்டு அது இறுகிவிடுகிறது. இசப்கோல் நீரை உறிஞ்சி ஊதிப் பருக்கும் பொருள். குடல் அசையாதிருக்கும் இந்த நிலையில், அதுவும் போதிய தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டால், அடைப்பை அதிகமாக்கக்கூடும் என்பதால் இப்போதைக்கு அதை நிறுத்தி வையுங்கள். லாக்டுலோஸ் குடலைத் தூண்டி விரட்டுவதில்லை. அது உடலில் சேராமல் பெருங்குடல்வரை சென்று, நீரை இழுத்து மலத்தை இளக்குகிறது. சில வாரங்கள் குடிப்பதால் அதற்கு அடிமையாக மாட்டீர்கள். வேலை செய்ய 48 மணி நேரம்வரை ஆகலாம் என்பதால், ஒரே ஒரு வேளை மட்டும் குடித்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடாதீர்கள். முதல் சில நாட்களில் வயிறு உப்பி வாயு பிரிவதும் இயல்புதான். ஒருமுறை மலம் கழிந்தவுடனும் நிறுத்த வேண்டாம். மலம் தண்ணீராகப் போனால் மட்டும் அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலைச் சுருட்டி வலியையும் பேதியையும் உண்டாக்கும். உங்களுக்குப் பின்சுவரில் தையல் இருப்பதால் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தோ அறுவை செய்தவரின் அனுமதியில்லாமல் கூடவே கூடாது.

காலை உணவுக்குப் பிறகு குடல் தானாக அசையும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். மேலைநாட்டுக் கழிவறையில் அமர்ந்து, பாதங்களைச் சிறு பலகைமீது வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு முன்னே சாய்ந்து, வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்.

ஐந்து நாட்கள் ஆகிவிட்டதால் இன்றே உங்கள் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, டிரமடாலுக்குப் பதில் பாராசிட்டமால் போதுமா, சிரப்போடு வேறு மருந்தும் தேவையா என்று கேளுங்கள். வாந்தி, வயிறு கடினமாக வீங்குதல், வாயுகூடப் பிரியாமை, காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் சிரப் வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.