ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு பேஸ் கிட்டார்

அன்புள்ள அண்ணா,

எங்கள் சர்ச் கொயரில் கீபோர்டு, டிரம்ஸ், லீட் கிட்டார் எல்லாம் இருக்கிறது, அடி ஸ்வரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஆள் இல்லை. எனக்குச் சாதா கிட்டார் கொஞ்சம் வரும் என்பதால் நீயே கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள், எனக்கும் ரொம்ப நாள் ஆசை. தெரிந்தவர் ஒருவர் தன் பழைய பேஸை 7,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கேள்விப்படாத கம்பெனி. வயரைச் செருகினால் கரகரவென்று சத்தம் வருகிறது, கம்பிகள் ரொம்ப உயரத்தில் இருக்கின்றன, அழுத்தவே கஷ்டமாக இருக்கிறது. அப்பாவோ, மட்டமானதை வாங்கிக் காசைக் கரியாக்காதே, ஒரு வருஷம் சேர்த்து வைத்து இருபதாயிரத்துக்கு நல்லதாக வாங்கு என்கிறார். வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ஜே., நாகர்கோவில்

அன்புள்ள ஜே.,

ஒரு வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டாம் தம்பி. கொயர் கூப்பிடுகிறது, ஆசையும் இருக்கிறது, இப்போதே தொடங்கிவிடுங்கள். ஆனால் இந்தக் கிட்டாரை வாங்குவதா என்பதை அதன் நெக்கை, அதாவது இடது கை பிடிக்கிற நீண்ட கழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மாடலைக் கொண்டுவந்தபோது அதன் அமைப்பே ரொம்ப எளிமையானது: ஒரு கெட்டிப் பலகை, அதில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கிய நெக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற ஒரு பிக்கப், இரண்டு குமிழ். இன்று விற்கிற பேஸ்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். மரத்தைக் கம்ப்யூட்டர் மெஷின் வெட்டுவதால் மலிவுக் கிட்டாரில்கூட அளவு பெரிதாகப் பிசகுவதில்லை. கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது வேறு இடங்களில்: சுருதி சேர்க்கிற ட்யூனிங் கீ, வயர் செருகுகிற ஜாக், பிக்கப், அப்புறம் நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகளைத் தேய்த்துச் சமன்படுத்துகிற கைவேலை. இவற்றையெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம். நெக் கெட்டிருந்தால் மட்டும் வழியில்லை, வேறு நெக் போடுகிற செலவுக்கு இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம்.

கரகரப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதலில் வேறு வயர் போட்டுப் பாருங்கள். அப்போதும் வயரை ஆட்டும்போது சத்தம் வந்தால் ஜாக் லூஸ், குமிழைத் திருப்பும்போது வந்தால் உள்ளே அழுக்கு. சாலிடரிங் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

கம்பி உயரம்தான் விஷயம். உடம்புப் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் வேண்டுமென்றே தூக்கி வைத்திருந்தால் ஒரு ஆலன் கீ போதும், இறக்கிவிடலாம். நெக் வளைந்ததால் உயர்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70, 80 கிலோ இழுவிசையில் அந்த மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதோடு உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. சரியாக உலராத மரம் இதற்கெல்லாம் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நண்பரையும் ஒரு விசிட்டிங் கார்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிட்டாரைச் சுருதி சேர்த்து வாசிக்கிற மாதிரி மடியில் வைத்து, தடித்த கம்பியை இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும் வலது கையால் நெக் உடம்போடு சேருகிற இடத்திலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பி ஒரு ஸ்கேல் மாதிரி நேராக நிற்கும். உங்கள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டதால், ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் நண்பர் கார்டை நுழைக்கட்டும். உரசிக்கொண்டு ஒரு கார்டு நுழைந்தால் நெக் நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு கார்டு தாராளமாக நுழைந்தால் வளைந்திருக்கிறது. உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நெக்குக்குள் டிரஸ் ராட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதைக் கால் சுற்று இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். சுற்றியதும் இடைவெளி குறைந்தால் பிழைத்தது. அது ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்தாலோ, மரை தேய்ந்து சும்மா சுற்றினாலோ கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, உடம்பு பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். ஒன்று மேலேறி மற்றது இறங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பிறகு நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும், எங்காவது நாதம் செத்துப்போகிறதா என்று. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்டால் பயப்பட வேண்டாம், உயரத்தில் இருக்கிற கம்பியை அழுத்தினாலே சுருதி ஏறத்தான் செய்யும், உயரத்தைக் குறைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தக் கஷ்டமாக இருக்கிறது என்றீர்கள். அதில் பாதி அந்தக் கிட்டாரின் குற்றமில்லை. சாதா கிட்டாரின் கம்பி நீளம் 25 இஞ்ச் சொச்சம், பேஸில் வழக்கமாக 34 இஞ்ச், கம்பியும் பல மடங்கு தடிமன். இருபதாயிரம் ரூபாய் கிட்டாரிலும் முதல் சில வாரம் விரல் வலிக்கும். கை சின்னதென்றால் 30 இஞ்ச் பேஸும் கிடைக்கிறது. ஆனால் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: கம்பியைச் சரியாக இறக்காத மலிவுக் கிட்டாரோடு மல்லுக்கட்டி, தனக்குச் சங்கீதமே வராது என்று முடிவுகட்டி விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. அதனால் கிட்டாருக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிடாதீர்கள். புதுக் கம்பி ஒரு செட் ஆயிரத்தைத் தாண்டும், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து நெக், கம்பி உயரம், சுருதி எல்லாம் சரிபார்க்கிற செட்டப் ஒருமுறை செய்ய வேண்டும், வீட்டில் பழக ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வேண்டும்.

ஹெட்ஃபோன் கட்டாயம். தடித்த கம்பியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வராது, பிறகு கிட்டாரில் சத்தமே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். இளையராஜாவுக்கு சசிதரன் வாசித்ததையும் ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது தெரியும். சர்ச்சில் மிக்சரில் கொடுக்கும்போது நடுவில், பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித்தருகிற ஒரு டிஐ பாக்ஸ் வையுங்கள். கீபோர்டு வாசிப்பவரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள், இத்தனை நாள் அவருடைய இடது கைதான் பேஸைச் சுமந்திருக்கும். நீங்கள் வந்த பிறகும் அவர் கீழ் ஸ்வரங்களை விடாமல் வாசித்தால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும்.

நெக் தேறிவிட்டால் ஜாக்கையும் பழைய கம்பியையும் காட்டி 5,500-க்குக் கேளுங்கள், 6,000-க்கு இறங்கினால் வாங்கிவிடுங்கள். தேறவில்லை என்றால் 3,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம், யமஹா, ஸ்குவயர் கம்பெனிகளின் பழைய பேஸ் ஏதாவது பக்கத்தில் யாராவது விற்கிறார்களா என்று கொயர் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.