மைத்துனர் சொல்கிறார், கையெழுத்து உங்களுடையது

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். சொந்த ஊர் நாசரேத். எனக்கு 54 வயது, ஆண்டுச் சம்பளம் 1,30,000 டாலர். மனைவிக்குச் சின்ன வேலை. மகன் ஒரு இவாஞ்சலிக்கல் (சுவிசேஷக் கிறிஸ்தவ) கல்லூரியில் நான்கு வருடம் படித்து, வரும் மே மாதம் முடிக்கிறான். வருடத்துக்கு 22,000 வீதம் பேரன்ட் பிளஸ் (பெற்றோருக்கு அரசு தரும் கல்விக்கடன்) வாங்கினேன், கைக்காசும் வருடம் 8,500 போட்டேன். அதற்காக ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே) பிடித்தத்தை நிறுத்திவிட்டேன். இப்போது மகளுக்கு நர்சிங்கில் இரண்டு இடம். அதே கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போக வருடம் 38,000. பக்கத்து அரசுப் பல்கலைக்கு வீட்டிலிருந்தே போய் வந்தால் 17,000. மனைவியின் அண்ணன் இங்கே சபையில் போதகர். "அரசுப் பல்கலைக்கு அனுப்பினால் பிள்ளையின் விசுவாசம் போய்விடும். லோன் போடுங்க, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் ஐயுஎல் (பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி எடுக்கச் சொல்கிறார். மனைவிக்கு அண்ணன் சொல்தான் வேதம். தூக்கம் வரவில்லை.

பதில்: வரவுசெலவுத் திட்டம் போடுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதத்தில் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்று இல்லை. இன்றைய தேதிக்கு மகனின் கடன் மொத்தம் எவ்வளவு? அதை நீங்கள் எழுதவில்லை. வருடா வருடம் ஆகஸ்டில் அந்த வருடத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் பழக்கம்தான்.

நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 22,000 வாங்கும்போதே நாலேகால் சதவீதம், அதாவது 930 டாலர் கட்டணமாகக் கழிந்துவிடும். வட்டி 2022ல் 7.54 சதவீதம், அப்புறம் 8.05, 9.08, 8.94. படிப்பு முடியும்வரை கட்ட வேண்டாம் என்று தள்ளிவைத்திருப்பீர்கள். தள்ளிப்போனது தவணைதான், வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. முதல் வருடக் கடனுக்கு மட்டும் 6,600, நான்குக்கும் சேர்த்துச் சுமார் 18,000. ஆக 88,000 இல்லை, ஒரு லட்சத்து ஆறாயிரம். பத்து வருடத் தவணையில் மாதம் 1,300 டாலர். வரும் நவம்பர் வாக்கில் ஆரம்பித்தால் உங்கள் 64 வயதுவரை.

"மகன் கட்டுவான்" என்று வீட்டில் பேசியிருப்பீர்கள். கட்டட்டும், நல்ல பிள்ளை. ஆனால் பேரன்ட் பிளஸ் பெற்றோர் பெயரில் உள்ள கடன். சட்டப்படி அவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவன் பெயருக்கு மாற்றித் தரவும் அரசாங்கத்திடம் வழி கிடையாது. அவன் தவணைகளைத் தவறவிட்டால் கெடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர்.

இனி மகள். மைத்துனருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் பேரன்ட் பிளஸுக்கு உச்சவரம்பு வந்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தமாக 65,000. 38,000ல் மகள் தன் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் முதல் வருடம் 5,500. மிச்சம் 32,500. பேரன்ட் பிளஸில் 20,000 போனால் 12,500க்குத் தனியார் கடன், அதற்கும் நீங்கள் கோ-சைன், அதாவது ஜாமீன் கையெழுத்து. முதல் மூன்று வருடத்தில் 60,000 தீர்ந்துவிடும், நான்காம் வருடத்துக்கு 5,000தான் பாக்கி. மகளின் சொந்தக் கடன் வரம்பு கொஞ்சம் கூடும் என்பதையும் கழித்தாலும் நான்கு வருடத்துக்கு உங்கள் தலையில் விழுவது 1,25,000. அதில் ஏறக்குறைய பாதி தனியார் கடன். வட்டி இனிமேல்தான். கல்லூரி வருடா வருடம் ஏற்றும் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை.

சரி, விசுவாசம். நான் போதகர் இல்லை, ஆனாலும் இந்த வாதம் பணத்தைத் தொடுவதால் பேசித்தான் ஆகவேண்டும். அரசுப் பல்கலை வளாகங்களில் கிறிஸ்தவ மாணவர் ஊழியம் நேற்று முளைத்ததல்ல. இப்போது க்ரூ என்று அழைக்கப்படும் அமைப்பு 1951ல் தொடங்கியதே கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலையான யுசிஎல்ஏவில்தான். டெக்சஸ் பல்கலைகளில் பாப்டிஸ்ட் மாணவர் ஊழியமும் இருக்கிறது. அங்கே சேர ஐந்து பைசா கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியிருப்பார்: நாளைக்கு நாட்டை நடத்தப்போகிறவர்கள் அந்தக் கல்லூரிகளில்தான் உருவாகிறார்கள் என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1971ல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில் ஆரம்பித்த கல்லூரிதான் இன்றைய லிபர்ட்டி பல்கலைக்கழகம். அதே மனிதர் 1979ல் மாரல் மெஜாரிட்டி என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, சபைக்கு வருகிறவர்களைக் குடியரசுக் கட்சியின் வாக்காளர்களாகத் திரட்டினார். அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு உரை எழுதிய மைக்கேல் கெர்சன், இவாஞ்சலிக்கல் கல்லூரியான வீட்டனில் படித்தவர். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். டெக்சஸ் செனட்டர் டெட் க்ரூஸ் 2015ல் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவிக்க லிபர்ட்டி மேடையைத் தேர்ந்தெடுத்தார். அவர் படித்தது பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும். மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலி படித்தது ஸ்டான்ஃபோர்ட், யேல். சதர்ன் பாப்டிஸ்ட்டான சபாநாயகர் மைக் ஜான்சன் இளநிலையும் சட்டமும் படித்தது லூசியானா அரசுப் பல்கலையில். மேடை ஒரு இடம், பட்டம் ஒரு இடம்.

அதைவிட முக்கியம், உங்கள் மகள் செனட்டர் ஆகப்போவதில்லை, நர்ஸ் ஆகப்போகிறாள். எங்கே படித்தாலும் நர்ஸ் உரிமத்துக்கு எழுதவேண்டியது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. ஆஸ்பத்திரி தருவதும் ஒரே சம்பளம்.

கல்லூரி நிலைக்குமா என்பதையும் கேளுங்கள். நியூயார்க்கில் ஒரு காலத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலேயே வகுப்பு நடத்திய கிங்ஸ் காலேஜ் 2023ல் அங்கீகாரம் இழந்து வகுப்புகளை நிறுத்தியது. நயாக் என்ற பெயரில் இருந்த அலையன்ஸ் பல்கலைக்கழகமும் அதே வருடம் மூடப்பட்டது. இரண்டும் இவாஞ்சலிக்கல் நிறுவனங்கள். பாதியில் மூடினால் அரசுக் கடனைத் தள்ளுபடி செய்ய விதி இருக்கிறது. கோ-சைன் போட்ட தனியார் கடனுக்கு அப்படி எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

க்ரோவ் சிட்டி கல்லூரி தெரியுமா? பென்சில்வேனியாவில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரி. மாணவர்கள் வாங்கும் அரசு உதவியே கல்லூரிக்கும் உதவிதான், அதனால் அரசு விதியும் பொருந்தும் என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், உன் பணமும் வேண்டாம் விதியும் வேண்டாம் என்று அந்தத் திட்டத்தையே விட்டு விலகியது. அந்த நிலைப்பாடு எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, கணக்கு நேர்மையானது. காலையில் கல்லூரி ஆராதனையில் வாஷிங்டனைத் திட்டிவிட்டு, மாலையில் அதே வாஷிங்டன் கடனைப் பெற்றோர் தலையில் கட்டுகிற கல்லூரிகளும் உண்டு.

ஐயுஎல்லுக்கு இரண்டு வரிதான். பாலிசிக்காரர் காட்டும் அழகான அட்டவணை எதிர்பார்ப்பு, உத்தரவாதம் இல்லை. முதல் பத்து வருடத்தில் வெளியே வர நினைத்தால் சரண்டர் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். "கல்லூரி உதவிக் கணக்கில் இந்தப் பணம் வராது" என்பார், உங்கள் 401(கே) இருப்பும்தான் எஃப்ஏஎஃப்எஸ்ஏவில் (அரசு கல்வி உதவிக்கான விண்ணப்பம்) வராது. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில் இதை விற்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னியுங்கள்.

401(கே)யை முதல் வேலையாகத் திரும்பத் திறங்கள். கம்பெனி 4 சதவீதம் பங்கு போடுமானால் வருடம் 5,200 டாலரை நான்கு வருடமாக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். தசமபாகத்தில் கைவைக்க நான் சொல்லமாட்டேன், அது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. ஆனால் கல்லூரிக் கட்டணம் காணிக்கை இல்லை. அதையும் இதையும் ஒரே பேச்சில் குழைக்க மைத்துனரை விடாதீர்கள்.

அரசுப் பல்கலைக்கு வழி இருக்கிறதா? 17,000ல் மகளின் கடன் 5,500 போக 11,500. மகனுக்குக் கொடுத்துவந்த 8,500 இனி மிச்சம். கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகை 2,500 வரை கிடைக்கும். 500 டாலர் அவள் கோடையில் சம்பாதித்துவிடுவாள். மகனின் தவணை 1,300தான் உண்மையான பாரம். அவன் வேலைக்குப் போனதும் மாதா மாதம் எவ்வளவு தருவான் என்று எழுதி வாங்குங்கள், அப்பா-பிள்ளை என்றாலும்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது? அண்ணனை எதிர்த்துப் பேச வேண்டாம். வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, தனியார் கடன் விண்ணப்பத்தை எடுத்து வையுங்கள். "கோ-சைன் இடத்தில் நீங்க கையெழுத்துப் போடுங்க அத்தான்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பிறர் கடனுக்குப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தில் இருப்பதை அவரே எடுத்துச் சொல்லக்கூடும்.

மே 1க்குள் முன்பணம் கட்டவேண்டியிருக்கும். அதற்குமுன் அந்தக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். தனியார் கல்லூரி அச்சடிக்கும் கட்டணத்தை முழுசாகக் கட்டுகிறவர்கள் குறைவு, கேட்டால் குறைக்கக்கூடும். அரசுப் பல்கலையின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 38,000ஐ 20,000க்குக் கீழே கொண்டுவந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். 35,000 என்று சொன்னால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்றைக்கே அரசுப் பல்கலையில் முன்பணத்தைக் கட்டிவிடுங்கள்.