காட்டுப்பன்றி வேட்டைக்கு .223 அளவுத் தோட்டா போதுமா, அதைவிடப் பெரிய .308 வேண்டுமா? எந்தத் தோட்டா?

உரிமமும் அனுமதியும் உள்ள இடத்தில், ஒரே துப்பாக்கிதான் என்றால் .308 வின்செஸ்டர். 150 முதல் 165 கிரெய்ன் (குண்டின் எடை அலகு, 1 கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) குண்டு, சுமார் 3,500 ஜூல் ஆற்றல்; .223-இல் அதில் ஏறக்குறைய பாதிதான். .223 குட்டிகளுக்கும் நடுத்தரப் பன்றிகளுக்கும் சரி, அதுவும் 60 கிரெய்னுக்கு மேற்பட்ட, எளிதில் சிதறாதபடி இறுகக் கட்டிய குண்டோடு. நெருக்கமான புதரில் .30-30 என்ற பழைய தோட்டா இன்றும் நன்றாகவே வேலை செய்யும்.

உண்மையில் காலிபரைவிட (குண்டின் விட்டம்) குண்டின் அமைப்பே முக்கியம். முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் தடித்த, இறுகிய திசுக் கவசம் இருக்கும். சிறு விலங்குகளுக்கான மெல்லுறைக் குண்டு அதிலேயே சிதறிவிடும், ஆழம் போகாது. முழு உலோக உறைக் குண்டோ விரியாமல் ஊசிபோல் துளைத்து வெளியேறும். பன்றி காயத்தோடு ஓடும், பின்னால் இருப்பதற்கும் ஆபத்து. உறையும் ஈயமும் பிணைந்த குண்டு அல்லது முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள். செம்புக்கு விரிய வேகம் தேவை, எடை குறைந்த குண்டு வேகமாகப் போகும், ஆகவே .308-இல் 150 கிரெய்னே போதும்.

மானுக்குக் குறிவைக்கும் இடம் இங்கே உதவாது. பன்றியின் இதயமும் நுரையீரலும் தாழ்வாக, முன்தள்ளி இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலை ஒட்டி, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். தோட்டா பிராண்டை மாற்றினால் 100 மீட்டரில் மறுபடி ஜீரோ பாருங்கள், அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்யுங்கள். தாக்கும் புள்ளி நகர்ந்திருக்கலாம்.