மௌனப் படத்துக்கு வாசித்த மாமாவின் பெயரை எந்த வரியில் போடுவது?

"இசை" என்ற வரியில் மாமாவின் பெயரைப் போடாதீர்கள். "ஹார்மோனியம் வாசிப்பு" என்று தனி வரியில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

ராயபுரம் மொட்டை மாடியில் சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' ஓட்டி, மாமா வாசித்ததைப் பதிவேற்றியதும், இசை எங்களுடையது என்று உரிமைக் கோரிக்கை வந்தது என்கிறீர்கள். மௌனப் படம்தானே, இசைக்கு யார் சொந்தக்காரர் என்று நினைத்திருப்பீர்கள். 1931இல் வந்த அந்தப் படத்தில் பேச்சுதான் இல்லை. இசை உண்டு, அமைத்தவர் சாப்ளின்.

ஆனால் படத்தில் வரும் பூக்காரப் பெண்ணுக்கான மெட்டு அவருடையது அன்று. ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோசே படியாவின் 'லா வியோலெத்தேரா' என்ற பாட்டு அது. தன் பெயரைப் போடாததற்காகப் படியா வழக்குத் தொடுத்து வென்றார். சாப்ளினையே விடவில்லை, நம்மை விடுவார்களா?

ஒரு சோதனை: திரையை மூடிவிட்டுப் பதிவை மட்டும் கேளுங்கள். பூக்காரி மெட்டு வரும் நிமிடங்களைக் குறித்து "மெட்டு: படியா" என்றும், படத்தின் மற்ற மெட்டுகளுக்கு "சாப்ளின்" என்றும் எழுதுங்கள். மிச்சம் மாமாவின் சொந்தக் கற்பனை. அங்கே மட்டும் "இசை" என்று தாராளமாக அவர் பெயரைப் போடலாம். (காசிமேட்டில் நாங்கள் பதிந்தபோது துருத்தியின் மூச்சுச் சத்தமும் சேர்ந்து விழுந்தது. அதை வெட்டாதீர்கள், அழகு.)

பெயர் போட்டால் மட்டும் கோரிக்கை நீங்கிவிடாது; அனுமதி வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. சாப்ளின் மறைந்தது 1977இல். ஆக, 2037 முடியும்வரை.